அலையாத்தி மூக்கை நீட்டிய கதை

அந்தக் காலத்தில் நண்டு பேசும், நாரை பேசும், மனசு வைத்தால் மரம்கூட நாலு வார்த்தை பேசும். இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிட அதிகமாகப் பேசியவள் கொளஞ்சி.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், அலையாத்திக் காட்டை ஒட்டிய மணல்மேட்டில் அவள் குடிசை இருந்தது. புருஷன் சடையன், எட்டு மாதக் கைக்குழந்தை பூங்காவனம், அவ்வளவுதான் குடும்பம். கொளஞ்சிக்கு இறால் பிடிக்கிற வேலை. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள். அலை வந்து முகத்தை மூடினால் மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொள்வாள். அகப்பட்ட இறால் இடுப்பில் கட்டிய பனையோலைப் பறிக்கூடைக்குள் போகும். அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் பறியை இடுப்பில்தான் கட்டினார்கள். கைக்குத்தான் வேலை, வாய்க்கு என்ன கேடு? ஊர்க்கதை முழுக்கத் தண்ணீருக்குள்தான் நடக்கும்.

அலையாத்தியும் அப்போது மற்ற மரங்களைப் போலத்தான் இருந்தது. வேர் எல்லாம் மண்ணுக்குள். சேறு பொலபொலவென்று இருந்ததால் வேருக்கு அங்கேயே காற்று கிடைத்தது.

கொளஞ்சியை ஒரு விஷயம் ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தது. மரத்திலிருந்து ஓர் இலை பழுத்து விழுந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு நண்டு ஓடி வந்து அதை வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

"ஏன் தம்பி, நீ தின்னுறது கால் இலை. இழுத்துக்கினு போறது ஒரு மூட்டை. மிச்சத்த எங்க வைக்கிற?" என்று ஒரு நண்டை மறித்துக் கேட்டாள்.

நண்டு ஒரு கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. "போன வாரம் எங்க சித்தப்பாவக் கொழம்பு வச்ச. இந்த வாரம் வந்து என்கிட்ட சேதி கேக்குற. வெக்கமா இல்ல?"

"கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. நீ சேதியச் சொல்லு."

"மரத்தக் கேளு போ" என்று சொல்லிவிட்டு நண்டு வளைக்குள் போய்விட்டது.

மரத்தைக் கேட்டாள். "முழங்கை ஆழம் வரைக்கும் உன்னுது. எறா எடு, மீனு எடு, நான் கேக்க மாட்டேன். அதுக்குக் கீழ என்னுது. அத நீ கேக்காத" என்றது அலையாத்தி.

கொளஞ்சியிடம் போய் இப்படிச் சொல்லலாமா? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழி மாதம் ஒரு காலையில் துழாவிக்கொண்டிருந்தபோது சேறு வழுக்கி, கை தோள் வரைக்கும் உள்ளே போய்விட்டது. மேலே தண்ணீரின் குளிர் எலும்பைக் குடைகிறது. விரல் நுனியிலோ வெதுவெதுப்பு, அடுப்புச் சாம்பலைத் தொட்ட மாதிரி. கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பதையே நம்பிப் பழகியவள் அவள். உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, கிழங்கு தோண்டுகிற கழியோடு வந்து நின்றாள்.

"வேணாம் கொளஞ்சி" என்றது மரம்.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டு மூடிடுறேன்" என்றாள் அவள். இதைச் சொல்லிவிட்டு உருப்பட்டவர் யார்?

குறுக்கே வந்த வேரை அறுத்தாள். இடுப்பளவு தோண்டினாள். உள்ளே இலை. இலைக்கு அடியில் இலை, அதற்கும் அடியில் இலை. கன்னங்கரேலென்று, ஆனால் நரம்புகூட அழியாமல் அடுக்கடுக்காகக் கிடந்தது. 'சே, இதுதானா!' என்று ஒன்றைக் கையில் எடுத்தாள். அடியிலிருந்து புஸ்ஸென்று ஒரு சூடான மூச்சு கிளம்பியது. அழுகின முட்டை நாற்றத்தோடு அவள் தலைமயிரைப் பறக்கவிட்டு வானத்துக்குப் போனது. நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. அவள் வாரி வாரிப் போட்ட சேற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் போனது.

மார்கழியில் சித்திரை வெயில் அடித்தது. ஏழாம் நாள் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கடல் உப்பிக்கொண்டு தினம் ஒரு சாண் மேட்டில் ஏறியது. அக்கம்பக்கத்தார் சட்டிபானையைத் தோணியில் ஏற்றினார்கள். கொளஞ்சி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பயம். அதைவிட வெட்கம்.

ஒரு நாள் குழந்தைக்கு ஊற்றுத் தண்ணீரைப் புகட்டினாள். பூங்காவனம் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு வீறிட்டது. கொளஞ்சி நக்கிப் பார்த்தாள். உப்பு.

"புள்ளைக்கு நாக்கு வறளுது. நாமளும் கெளம்பிடலாம்" என்றான் சடையன்.

"எங்கன்னு போறது மாமா? நாம நடக்குறத விட வேகமா கடலு நடக்குது" என்றவள், அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சடையன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டான். பிறகு மெதுவாக, "சரி, உள்ள என்னாதான் இருந்துச்சு?" என்று கேட்டான்.

"எலை மாமா. வெறும் எலை."

அவள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மரத்திடம் ஓடினாள். "நான் என்னா பண்ணிட்டேன்? அதையாவது சொல்லு" என்றாள்.

"உங்க அடுப்புப் பொகை, காட்டுத் தீயோட பொகை, உன் மூச்சு, இதோ இந்தப் புள்ளையோட மூச்சு, எல்லாத்தையும் நான் எலையால குடிக்கிறேன்" என்றது அலையாத்தி. "எலை விழுது, நண்டு உள்ள கொண்டுபோய் வைக்குது, நான் மேல காலை ஊணி நிக்கிறேன். மேல கெடந்தா உலகம் வேவும்னுதான் அடியில பூட்டி வச்சேன். நீ தெறந்துட்ட."

"மூடு. உனக்குப் புண்ணியமாப் போவும், மூடு."

"மூடலாம். சேத்த இறுக்கமா மிதிச்சு, மேல வேரப் பின்னணும். ஆனா இறுகிப்போன சேத்துல என் வேரு எப்பிடி மூச்சு விடும்? நான் செத்துட்டா அப்புறம் யாரு காவல்?"

கொளஞ்சி யோசிக்கவே இல்லை. "அலை வந்து என்ன மூடினா நான் மூக்க மட்டும் மேல வச்சுக்கறேன். நீயும் வச்சுக்கயேன்!"

"வேரு மேல மொளைக்கிறதா? எங்கயாவது உண்டா?" என்று வளைக்குள்ளிருந்து நண்டு சிரித்தது.

மரம் சிரிக்கவில்லை. "வலிக்கும்" என்றது. பிறகு, "மிதிங்க" என்றது.

சடையனும் கொளஞ்சியும் குழிக்குள் சேற்றைத் தள்ளி மிதித்தார்கள். போன தோணிகளில் பாதி சேதி கேட்டுத் திரும்பி வந்தன, அவர்களும் மிதித்தார்கள். நண்டுகள் இலையை இழுத்து இழுத்து அடைத்தன. மரம் முனகிக்கொண்டே வேரைப் பின்னியது. மூன்றாம் நாள் சேற்றைக் கீறிக்கொண்டு விரல் பருமனில் ஒரு வேர் எட்டிப் பார்த்தது. பிறகு பத்து, பிறகு நூறு. குழியிலிருந்து கிளம்பிய சூடான மூச்சு நின்றது. கடலும் நின்றது, குழந்தையின் தூளி கட்டியிருந்த கம்பத்தை நனைத்துவிட்டு.

கடல் எடுத்துக்கொண்ட பாதி மேட்டைத் திருப்பித் தரவே இல்லை. மழை பெய்து ஊற்று இனிக்க மூன்று மாதம் ஆனது. அன்று பூங்காவனம் மடமடவென்று குடித்ததைப் பார்த்து இரண்டு பேரும் அழுதார்கள்.

"மேல போனத மறுபடி எலை எலையாத்தான் குடிக்கணும். நான் ஒருத்தி போதாது" என்றது மரம். கொளஞ்சி கரை நெடுக அலையாத்தி விதைகளை ஊன்றினாள்.

"சரி, நீ மறுபடியும் நோண்ட மாட்டேன்னு என்னா நிச்சயம்?" என்று மரம் கேட்டது.

கொளஞ்சிக்குத் தன்னைத் தெரியாதா? வாய் கேட்டால் கை தோண்டும். இடுப்பிலிருந்த பறியை அவிழ்த்தாள், அதன் விளிம்பைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டாள், பேசாமல் தண்ணீரில் இறங்கினாள்.

பூங்காவனம் வளர்ந்து அவளும் துழாவ வந்தாள். இலை இழுத்துப் போகும் நண்டைக் கண்டதும், பறியைக் கடித்த வாயோடு "ம்ம்ம்?" என்றாள். கொளஞ்சி, பறியைக் கடித்த வாயோடு, "ம்ஹூம்" என்றாள்.

அன்று முதல்தான் அலையாத்தி சேற்றுக்கு மேலே வேரை மூக்கு மூக்காக நீட்டிக்கொண்டு நிற்கிறது. இறால் துழாவும் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு முழங்கையோடு கையை நிறுத்திக்கொள்வதும் அன்று முதல்தான்.