பன்னிரண்டு புள்ளி ஒன்பது

தணிகாசலம் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஆசிரியை பியூலாவுக்கு இருபத்தொன்பது.

அவர் வடபழனியில் முப்பது வருடம் ஆசிட் பேட்டரிகளுக்கு சார்ஜ் போட்டவர். அவள் வளசரவாக்கத்தில் லித்தியம் பேட்டரி கட்டுபவள். படப்பிடிப்புக்குப் போகும் கேரவன்கள் ஒவ்வொன்றாக லித்தியத்துக்கு மாறியபோது, அவர் தன் கடையை மூடிவிட்டு அவளிடம் வந்தார்.

முதல் நாள் கேட்டார்.

“டீச்சர், இது ஃபுல் ஆனா கொதிக்குமா?”

“கொதிக்காதுண்ணா.”

“வாசனை?”

“வராது.”

“அப்ப ஃபுல்லுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“முதல்ல, தெரியலன்னு ஒத்துக்கணும்.”

தணிகாசலம் சிரித்தார். “காலேஜ் படிச்ச பொண்ணு. பேச்சுக்குக் கேக்கணுமா!”

நான்கு மாதம் போயிற்று. ஜபருல்லா என்பவர் தன் கேரவனைக் கொண்டுவந்தார். புது லித்தியம் பேட்டரி மாட்டியிருந்தார். சார்ஜரை மட்டும் மாற்றவில்லை. ஆசிட் பேட்டரிக்காகச் செய்த பழைய சார்ஜர்.

“இது ஓடுமாம்மா?” என்றார்.

“ஓடும் பாய். ஆனா இதுக்கு லித்தியத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பக்கத்துல தெரிஞ்ச ஆள் இருக்கணும்.”

“ஆளை நீயே குடு.”

அவள் தணிகாசலத்தை அனுப்பினாள். மூன்று நாள் படப்பிடிப்பு. குறை இல்லாமல் முடிந்தால் வண்டி நிரந்தரமாக அவர் பொறுப்பு என்று பேச்சு. கடையை மூடிய பிறகு தணிகாசலம் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவர். அதனால் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

குன்றத்தூர் தாண்டி, மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையில் படப்பிடிப்பு. நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்தார்கள். எனவே ஜெனரேட்டர் சத்தம் கூடாது. கேரவனில் விளக்கும் விசிறியும் பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

இரண்டு நாள் நன்றாகப் போயிற்று.

மூன்றாம் நாள் காலை. முந்தின நாள் மாலை சார்ஜில் போட்ட வண்டி வாட்ச்மேன் அறைப் பக்கம் நின்றது. பார்த்தால் ஆலையில் கரண்ட் இல்லை. எப்போது போயிற்று என்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.

உதவி இயக்குநர் ஓடிவந்தார். “ஐயா, வண்டியை உள்ள கொண்டாங்க. பேட்டரி ஃபுல்லா?”

தணிகாசலம் மீட்டரைப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி ஒன்பது வோல்ட்.

ஆசிட் பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டினாலே வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். முப்பது வருடம் பார்த்த கண்.

“ஃபுல்லுக்கு மேல ஃபுல். எடுங்க” என்றார்.

பதினோரு மணிக்குக் கேரவன் இருண்டது.

உள்ளே மூத்த நடிகைக்கு ஒப்பனை நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் படியிறங்கி வந்து தன் முகத்தைக் காட்டினார். “பாருங்கய்யா. ஒரு கண்ணு கல்யாணத்துக்குக் கிளம்பிடுச்சு. இன்னொண்ணு இப்பத்தான் தூங்கி எழுந்திருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. மீட்டர் பூஜ்யம் காட்டியது.

கரண்ட் திரும்பி வந்திருந்தது. வண்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்ப் பிளக் போட்டார். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரியே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

அவர் பியூலாவுக்குப் போன் செய்தார். அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்குவதற்குள் ஜபருல்லாவும் வந்துவிட்டார்.

“பழைய சார்ஜர்தானே புது பேட்டரியைக் கொன்னுடுச்சு?” என்றார் ஜபருல்லா. “சொல்லுங்க தணிகாசலம், நான் கோவிச்சுக்க மாட்டேன். டீச்சர் அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் சார்ஜரை மாத்தல.”

தலையை ஆட்டினால் போதும். நம்புவதற்கு எல்லோரும் தயாராக இருந்தார்கள். பியூலா ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றாள்.

தணிகாசலம் மீட்டரைக் காட்டினார்.

“இல்ல பாய். சார்ஜர் மேல தப்பில்ல. காலையில பன்னெண்டு புள்ளி ஒம்போது காட்டுச்சு. ஆசிட் கணக்குல ஃபுல்லுன்னு நான் சொல்லிட்டேன். லித்தியத்துக்கு அது அடிவயிறு. தீர்ந்து போற நேரம்.”

“முப்பது வருஷ அனுபவம்னு சொன்னீங்களே?”

“அந்த முப்பது வருஷம்தான் பாய் ஃபுல்லுன்னு சொல்லுச்சு.”

ஜபருல்லா போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். வேறு ஆள் தேடுகிறார் என்று தணிகாசலத்துக்குப் புரிந்தது.

“டீச்சர், முப்பது வருஷத்தையும் தூக்கிப் போட்டுட்டு வந்தாத்தான் எனக்கு இது வருமா?”

பியூலா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஜின் பக்கம் போனாள்.

“இந்த வண்டி இன்ஜின் பேட்டரி ஆசிட்தானே?”

“ஆமா.”

“எப்படி இருக்கு?”

அவர் மூடிகளைத் திறந்தார். ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை ஆறு அறைகளிலும் விட்டு உறிஞ்சிப் பார்த்தார். “அஞ்சாவது கொஞ்சம் சோம்பேறி. மத்ததெல்லாம் நல்ல பசங்க. ஒரு கை குடுக்கும்.”

“குடுக்கச் சொல்லுங்க.”

“செத்ததுக்கு எதுக்கு?”

“சாகல. தீர்ந்துபோனதும் கதவைச் சாத்திக்கிச்சு, அவ்வளவுதான். வெளியிலேர்ந்து கரண்ட் தொட்டாத்தான் திறக்கும். பேட்டரிகிட்டேர்ந்து கொஞ்சமாவது கரண்ட் தெரிஞ்சாத்தான் சார்ஜர் ஆரம்பிக்கும்.”

தணிகாசலம் லித்தியத்தையும் சார்ஜரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ முதல்ல பேசுன்னு ரெண்டும் உக்காந்திருக்கா?”

“கோவிச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரி.”

அவர் இன்ஜின் பேட்டரியிலிருந்து லித்தியத்துக்குக் கேபிள் போட்டார். சிவப்பு, பிறகு கறுப்பு. பூஜ்யம் போய்ப் பன்னிரண்டு வந்தது. சார்ஜர் கிர்ரென்று கிளம்பியது. கேபிளை எடுத்தார். சார்ஜர் நிற்கவில்லை.

“எங்க நிறுத்தணும்?”

“பதினாலு புள்ளி நாலு. நீங்க நிறுத்தலன்னா, ஆசிட்டுன்னு நினைச்சு மேலயும் தள்ளிப் பார்க்கும்.”

“எத்தனை மணி நேரம் ஆகும்?”

“தெரியாதுண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் தன் கடைக்குப் போனாள்.

தணிகாசலம் மீட்டருக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

பதிமூன்று புள்ளி மூன்று. ஒரு மணி நேரம் கழித்துப் பதிமூன்று புள்ளி நான்கு. அதற்கு மேல் நகரவில்லை. சாம்பார் சாதம் வந்தது. இலையைப் பார்க்காமலே சாப்பிட்டார்.

உதவி இயக்குநர் எட்டிப் பார்த்தார். “நம்பர் அசையவே இல்லையே, ஐயா. ஃபுல்தானே?”

“தெரியாதுப்பா.”

மூன்றாவது மணி நேரத்தில் ஜபருல்லா வந்தார். “இன்னும் அதே நம்பர்தானே? எடுத்துடலாமே. அந்தம்மா காத்துக்கிட்டிருக்காங்க.”

“எடுக்கக் கூடாது பாய்.”

“ஃபுல்லா, இல்லையா?”

“தெரியாது பாய்.”

“முப்பது வருஷம் பேட்டரியைப் பார்த்தவர் இப்படிச் சொல்றீங்களே!”

“அதனாலதான் சொல்றேன்.”

ஜபருல்லா தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்கு எண் அசைந்தது. பதிமூன்று புள்ளி ஆறு. ஒன்பது. பதினான்கு புள்ளி இரண்டு. நாள் முழுதும் படுத்துக் கிடந்தது ஒரே ஓட்டமாக ஓடியது. பதினான்கு புள்ளி நான்கில் தணிகாசலம் பிளக்கைப் பிடுங்கினார்.

எழுந்து நின்று, சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு, ஆலை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“ஃபுல்!”

கேரவனில் வெளிச்சம் வந்தது. அந்த அம்மாள் இன்னொரு கண்ணுக்கும் மையிட்டுக்கொண்டு போய் நடித்துக் கொடுத்தார். படப்பிடிப்பு முடியும்வரை விளக்கு அணையவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு பியூலா மறுபடி வந்தபோது, ஜபருல்லா கையில் வண்டிச் சாவியோடு நின்றார். கொஞ்சம் தள்ளி, கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார் தணிகாசலம்.

“அந்த ஸ்டூலை விட்டு மனுஷன் எழுந்திருக்கல. அதை நான் மறுக்கல” என்றார் ஜபருல்லா. “ஆனா காலையில தப்பாச் சொன்னவர்கிட்ட எப்படி வண்டியைக் குடுக்கறது?”

“தப்பாச் சொன்னார்னு உங்களுக்கு யார் சொன்னது பாய்?”

“அவர்தான்.”

“மீட்டர் சொல்லலையா?”

“அது பன்னெண்டு புள்ளி ஒம்போதுன்னு சொல்லிட்டு சும்மா இருந்துச்சு.”

“சார்ஜர்?”

“பேட்டரியே இல்லன்னு சொல்லுச்சு.”

“பேட்டரி?”

“அது செத்த மாதிரி கிடந்துச்சு.”

தணிகாசலத்தின் கைகள் கேபிளோடு நின்றுவிட்டன.

பியூலா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

“நாலு பேர் இருந்த வண்டியில ஒருத்தர்தான் பாய் முழு உண்மையைச் சொன்னார். சாவியை யார்கிட்ட குடுக்கறதுன்னு நீங்களே பார்த்துக்கங்க.”