பாக்கியத்தாயின் வழக்கு

"இனி அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்" என்றார் தவசிமுத்து.

போதகர் எப்சிபா ஆலயத்தில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமல், என்ன நடந்தது என்று கேட்டார்.

தவசிமுத்து வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று சபை ஊழியத்துக்கு வந்தவர். எப்சிபாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் ஊழியம் கற்றுக்கொள்ள அவரிடமே வந்து சேர்ந்திருந்தார். மனப்பாடமாகத் தெரிந்த வசனங்கள் நிறைய. அவற்றைக் கேட்க ஆள் வேண்டுமே என்ற தவிப்பும் நிறைய.

அன்று காலை அவர் பாக்கியத்தாய் வீட்டுக்குப் போயிருந்தார்.

பாக்கியத்தாயின் மகள் பியூலா, கோடையில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்துபோனவள். மகளை அடக்கம் செய்த நாளோடு பாக்கியத்தாய் ஆலயத்துக்கு வருவதை விட்டுவிட்டாள்.

தவசிமுத்து அவளுக்கு மோட்சத்தைப் பற்றிச் சொன்னார். நம்பிக்கையைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் இருப்பதிலேயே அழகான பூவைத்தான் ஆண்டவர் முதலில் பறித்துக்கொள்வார் என்றும் சொன்னார். அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்தாள். அவருடைய வேதப்புத்தகத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் தெருவே கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டாள்.

"'உங்க ஆண்டவருக்குப் பூ வேணும்னா ஆலை முதலாளி வீட்டுல பறிக்க மாட்டாரா? எங்க தெருவுலதான் பறிப்பாரா?' இப்படிக் கேக்குது, போதகரம்மா. இது தேவதூஷணம் இல்லையா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க, அண்ணாச்சி?"

"விசுவாசமே இல்லாத கேள்வி. அதுக்கு என்ன பதில் சொல்ல?"

"அதை உங்ககிட்ட கேட்டிருக்கவே கூடாது" என்றார் எப்சிபா.

அவர் முகம் சிவந்திருந்தது. தனக்காகத்தான் கோபப்படுகிறார் என்று தவசிமுத்து நினைத்துக்கொண்டார்.

"வாங்க, போவோம்."

உச்சி வெயில். எப்சிபா முன்னால் வேகமாக நடந்தார். இந்த முறை எந்த வசனத்தைச் சொல்வது என்று தவசிமுத்து மனதுக்குள் தேடிக்கொண்டே நடந்தார்.

கதவைத் திறந்த பாக்கியத்தாய் தவசிமுத்துவைப் பார்த்ததும் மறுபடி சாத்தப்போனாள்.

"நான் எதுவும் சொல்ல வரலக்கா" என்றார் எப்சிபா. "காலையில கேட்டதை என்கிட்டயும் கேளுங்க."

பாக்கியத்தாய் கேட்டாள்.

அந்தச் சின்ன அறைக்குள் அத்தனை பெண்களை அடைத்து வைத்து வேலை வாங்கியது உங்கள் ஆண்டவருக்குத் தெரியாதா என்று கேட்டாள். பிள்ளையின் முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றிக் கொடுத்தார்களே, அதைப் பார்த்தாரா என்று கேட்டாள். முதலாளி ஜாமீனில் வந்து கார் ஏறிப் போனபோது ஆண்டவர் எங்கே இருந்தார்? ஞாயிறு தவறாமல் பியூலா அவரைத்தானே பாடினாள், அந்தத் தொண்டையா கருகிப்போக வேண்டும்?

தவசிமுத்து பேச வாயெடுத்தார். எப்சிபா கையைக் காட்டி நிறுத்தினார்.

பிறகு உள்ளே போய் வெறும் சிமென்ட் தரையில் முழங்கால்படியிட்டார். தவசிமுத்துவும் முழங்கால்படியிட்டுக் கண்ணை மூடினார். இனி ஆறுதலாக ஒரு ஜெபம் வரும் என்று காத்திருந்தார்.

"ஆண்டவரே, அந்த அறையில அத்தனை பெண்களை அடைச்சு வச்சது உமக்குத் தெரியாதா?"

தவசிமுத்து கண்ணைத் திறந்தார்.

எப்சிபா நிறுத்தவில்லை. பாக்கியத்தாய் கேட்டது அத்தனையையும் கேட்டார். எதையும் மென்மைப்படுத்தவில்லை. உமது சித்தம் என்று எங்கேயும் சேர்க்கவில்லை. கோபம்கூட அதே கோபம். "பதில் சொல்லும்" என்று முடித்தார்.

"போதகரம்மா," தவசிமுத்து மெதுவாகச் சொன்னார், "இப்படி ஜெபிக்கலாமா?"

எப்சிபா அவர் பக்கம் திரும்பினார்.

"சிலுவையில தொங்கும்போது அவரே ஏன்னு கத்திக் கேட்டாரு. நீங்க பக்கத்துல நின்னிருந்தா அவர் வாயைப் பொத்தியிருப்பீங்களா, அண்ணாச்சி?"

தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு பின்னாலிருந்து பாக்கியத்தாயின் குரல் வந்தது.

"ஒன்னை விட்டுட்டீங்க."

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு வேலைக்குப் போக வேண்டியது நான். எனக்குக் காய்ச்சல். நீ படுத்துக்கோம்மா, நான் போறேன்னு எனக்குப் பதிலா அவ போனா. அந்தக் காய்ச்சலை எனக்கு ஏன் குடுத்தாரு? அதையும் கேளுங்க."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எப்சிபாவின் கண்கள் நிறைந்தன. ஆனால் தலையை அசைத்து மறுத்தார்.

"அதை நான் கேக்க மாட்டேன். நீங்கதான் கேக்கணும்."

பாக்கியத்தாய் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். முதலில் வெறும் சத்தம்தான் வந்தது. அதற்குள்ளிருந்து மெல்ல வார்த்தைகள் வந்தன. கைகொடுப்பதாகச் சொல்லிவிட்டு வராமல் போன உறவுக்காரனிடம் சண்டை பிடிப்பதுபோல, ஆண்டவரை நீ என்றே அழைத்துக் கேட்டாள். காய்ச்சலைப் பற்றிக் கேட்டாள். அந்த ஆலை அறையின் கதவைப் பற்றிக் கேட்டாள். தன்னை ஏன் மிச்சம் வைத்தான் என்று கேட்டாள்.

கடைசியில் குரல் தணிந்தது.

"என் பிள்ளை இப்ப உங்கிட்டதான இருக்கா? அதையாவது சொல்லு."

தவசிமுத்துவுக்கு அந்த இடத்துக்கு ஏற்ற வசனம் தெரியும். அவர் சொல்லவில்லை. தரையில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

நேரம் போனது. எப்சிபா, "ஆமென்" என்று சொல்லத் தொடங்கினார்.

பாக்கியத்தாய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னும் முடியல" என்றாள். "நாளைக்கும் வாங்க."