தலைமையாசிரியர் வாயில் பொரிவிளங்காய்

ஒன்பதாம் வகுப்பு எழிலரசி தலைமையாசிரியர் ஞானதிரவியம் எதைக் கேட்டாலும் பேசமாட்டாள். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

"ஏன் பேசமாட்டேங்கிற? திமிர்தானே? இன்னைக்குப் பேசலேன்னா டி.சி.தான்!" என்று அவர் தன் அறையில் கத்தினார்.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா மரியபுஷ்பம், "நான் பேச வைக்கிறேன் சார்" என்றாள்.

"முடியலேன்னா உனக்கும் வேலை கிடையாது."

"சரி சார். முதல்ல எங்க வீட்டுப் பொரிவிளங்காய் உருண்டை சாப்பிடுங்க. கடிக்காதீங்க, பல்லு போயிடும்."

உருண்டையை வாயில் ஒதுக்கியவருக்குப் பேச்சு எழவில்லை. அறை அமைதியானது.

"எ... எனக்குத் திக்கும் சார்" என்றாள் எழிலரசி. "நான் தொ... தொடங்குறதுக்குள்ள நீங்களே பதிலும் சொல்லிடுறீங்க."

உருண்டை மெல்லக் கரைந்தது. பிறகு, "சொல்லும்மா, அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.