ஹெப்சிபாவின் ஐந்து சொற்கள்

மறதிநோயின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்னத் தேர்வு உண்டு. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். மொத்தம் முப்பது மதிப்பெண்.

நாகர்கோவில் பக்கத்து மக்களுக்குப் பழகிய தமிழில் அந்தத் தேர்வை அமைத்தவர் டாக்டர் ஹெப்சிபா. அவருடைய மாணவர் டாக்டர் பூதலிங்கம். ஹெப்சிபா ஓய்வு பெற்றதும் அவருடைய மறதிநோய் கிளினிக்கைப் பூதலிங்கம் ஏற்று நடத்தினார். மாணவருக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது, ஆசிரியைக்கு எழுபத்திரண்டு.

ஹெப்சிபா சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமைகளில் கோட்டாறில் ஒரு வாடகை அறையில் இலவசமாக வைத்தியம் பார்த்தார். அந்த அறைக்கு அடுத்தாற்போல மருந்துக்கடை வைத்திருந்தவர் ரெத்தினபாய்.

ஒரு நாள் ரெத்தினபாய் பூதலிங்கத்தைத் தேடி வந்து ஒரு மருந்துச்சீட்டை மேசையில் வைத்தார்.

"ஒரே பிரஷர் மாத்திரை சார். ரெண்டு கம்பெனிப் பேர்ல ரெண்டு தடவை எழுதியிருக்காங்க."

"மேடத்துகிட்ட காட்டினீங்களா?"

"போன மாசம் ஒரு சீட்டு இப்படி வந்துச்சு. காட்டினேன். ஐயோ ஆமான்னு திருத்திக் குடுத்தாங்க. நேத்து வேற ஒரு பெரியவருக்கு அதே மாதிரி. ரெண்டையும் சேர்த்து முழுங்கியிருந்தா அந்த மனுஷன் எங்கயாவது தலைசுத்தி விழுந்திருப்பாரு."

பூதலிங்கம் சீட்டைக் கையில் எடுத்தார். அழகான, நிதானமான கையெழுத்து.

"நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம் சார். எங்க அம்மையைக் கடைசி வரைக்கும் பார்த்தது அவங்கதான்," என்றார் ரெத்தினபாய்.

அன்று பிற்பகலே பூதலிங்கம் ஹெப்சிபாவின் வீட்டுக்குப் போனார். அவர் சமையலறை வாசலில் பூனைக்கு மீன்தலை வைத்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்து ஒன்பது வருடம். மகன் கனடாவில். வீட்டில் அவரும் பூனையும்தான்.

காப்பி குடித்தார்கள். பூதலிங்கம் சாலைப் பள்ளங்களைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். பிறகு கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"தேர்வு முழுக்க மனப்பாடமாத் தெரிஞ்ச ஒருத்தருக்கு எப்படித் தேர்வு வைக்கிறது?"

ஹெப்சிபா கப்பைக் கீழே வைத்தார்.

"யாருக்கு?"

"பொதுவாக் கேட்டேன்."

"பொதுவா அதை மனப்பாடம் பண்ணினவங்க இந்த ஊர்ல ரெண்டு பேர். நீ உனக்காக வந்திருந்தா மழையைப் பத்திப் பேசியிருக்க மாட்டே."

பூதலிங்கம் பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. ஹெப்சிபாவும் கேட்கவில்லை. இரண்டு முறை படித்தார்.

"என் எழுத்துதான். எழுதினது ஞாபகமில்லை." சீட்டை நான்காக மடித்தார். "திங்கக்கிழமை உன் கிளினிக்குக்கு வர்றேன். டோக்கன் வாங்கித்தான் வருவேன். தனியாக் கூப்பிடாத."

திங்கட்கிழமை அவருடைய டோக்கன் எண் பதினான்கு. பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பழைய நர்ஸ் ஒருத்தி எழுந்து வணக்கம் சொல்லி உள்ளே அழைத்தபோது வரமாட்டேன் என்று தலையசைத்தார்.

முறை வந்ததும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பூதலிங்கம் படிவத்தை எடுத்தார்.

"எப்படி இருக்கோ அப்படியே கேளு," என்றார் ஹெப்சிபா.

பூதலிங்கம் கேட்டார். தேதி, கிழமை, மாதம், மாவட்டம் எல்லாம் சரி. பதினொன்று இருபது காட்டும் கடிகாரத்தைத் தடுமாறாமல் வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். பூதலிங்கம் வாய் திறக்கும் முன்பே சில பதில்கள் வந்துவிட்டன. கடைசியில் ஐந்து சொற்களையும் விரல்விட்டுச் சொன்னார்.

"வயல், கண்ணாடி, மாதுளை, சட்டை, பச்சை."

முப்பதுக்கு முப்பது. பூதலிங்கத்துக்கு மூச்சு சீரானது.

"ஒண்ணும் இல்ல மேடம். வயசுக்கு உள்ள அசதிதான்."

"நான் செஞ்ச தேர்வை நானே ஒப்பிச்சிருக்கேன். அவ்வளவுதான். சொல்லை மாத்து. நேரத்தை மாத்து. கணக்கையும் மாத்து."

"எதுக்கு மேடம்? இதுலயே..."

"வியாழக்கிழமை எனக்கு நாப்பது பேர் வருவாங்க, பூதலிங்கம்."

பூதலிங்கம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். யோசித்து எழுத நேரம் பிடித்தது. எளிதான சொற்களாகத் தேடுகிறோம் என்று தெரிந்ததும் இரண்டை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"குடை, தேங்காய், ரயில், தலையணை, மஞ்சள்."

ஹெப்சிபா திருப்பிச் சொன்னார். இன்னொரு முறையும் பிழையில்லாமல் சொன்னார். எண்பதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்னபோது அறுபத்தெட்டில் நின்றார். எந்த எண்ணில் தொடங்கினோம் என்று கேட்டார். கடிகாரத்தில் மூன்று ஐம்பது காட்டச் சொன்னபோது பழைய பதினொன்று இருபதையே வரைந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று.

"முன்னாடி அஞ்சு வார்த்தை சொன்னேன் மேடம். ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க."

அவர் கையை நீட்டினார். கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினார்.

"வயல். கண்ணாடி. மாதுளை. சட்டை. பச்சை."

குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. கை முழுதாக மூடியிருந்தது.

பூதலிங்கத்தின் பேனா தாளில் நின்றது. படிவத்தில் ஒரு வழி இருந்தது. நினைவு வராவிட்டால் குறிப்புக் கொடுத்துப் பார்க்கலாம். மதிப்பெண் கிடையாது.

"ஒண்ணு, மழைக்கு எடுத்துட்டுப் போறது."

ஹெப்சிபா அவரைப் பார்த்தார்.

"குடையா?"

"ஆமா."

"நீ குடைன்னு சொன்னியா?"

"சொன்னேன் மேடம். நீங்களும் ரெண்டு தடவை சொன்னீங்க."

மூடியிருந்த கையைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே நர்ஸ் அடுத்த டோக்கன்காரரின் பெயரைச் சொல்லி, கொஞ்சம் பொறுங்கள் என்றாள்.

"எத்தனை?"

"இதை வச்சு மட்டும் முடிவு சொல்ல முடியாது. ரத்தம் பார்க்கணும். தைராய்டு, வைட்டமின் பி பன்னிரண்டு, அப்புறம் ஸ்கேன். மனச்சோர்வுலகூட இப்படி..."

"அதை உனக்குச் சொல்லிக்குடுத்தது நான். எத்தனை?"

"இருபத்தொண்ணு."

"எவ்வளவுக்குக் கீழே சந்தேகப்படணும்?"

"இருபத்தி நாலு."

ஹெப்சிபா தலையசைத்தார். கைப்பையைத் திறந்து மருந்துச்சீட்டுப் புத்தகத்தையும் ரப்பர் முத்திரையையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"பரிசோதனை எல்லாம் செஞ்சுக்கறேன். முடிவு வர்ற வரைக்கும் வியாழக்கிழமை நீ போய் உட்காரு. ரெத்தினபாயிகிட்டயும் சொல்லிடு, இனி என் கையெழுத்துல சீட்டு வந்தா மருந்து குடுக்க வேண்டாம்னு. பாவம், பயந்து போயிருப்பா."

பூதலிங்கத்தின் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை.

"நான் சொல்லை மாத்தாம விட்டிருக்கலாம் மேடம்."

"விட்டிருந்தா வியாழக்கிழமை நான் சீட்டு எழுதியிருப்பேன்." கைக்குட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "படிவம் முடியல. கடைசி வரி பாக்கி இருக்கு."

பூதலிங்கம் பார்த்தார். உடன் வந்தவர் பெயர், தொலைபேசி எண். மறதிக்காக வருகிறவர் தனியாக வந்தால், துணைக்கு ஒருவர் பெயர் தெரியும்வரை கிளினிக்கிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. அது ஹெப்சிபா வைத்த விதி.

"கூட யாரு வந்திருக்காங்க மேடம்?"

"ஆட்டோல வந்தேன்."

பூதலிங்கம் அதை எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடியே இருந்தார்.

"உன் பேரை எழுது," என்றார் ஹெப்சிபா.

பூதலிங்கம் எழுதினார். எண்ணையும் எழுதினார். ஹெப்சிபா படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர் கிறுக்கல். அடிச்சிட்டுப் புரியற மாதிரி எழுது. இனிமே இதை நான் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்."