வரியன் எழுதிய பறப்பேடு

மருதங்குளத்தில் வரியன் என்று ஒரு வாத்து இருந்தான். வடக்கே பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன். தலையில் இரண்டு கறுப்பு வரி ஓடும். பேர் வந்தது அதனால்தான். சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் மேகத்துக்கும் மேலே பறந்தவன்!

இப்போது பாவம், வயல் வரப்பில் நடந்துகொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குளத்தில் வந்து இறங்கும்போது, இடது இறக்கை கருவேலங்கிளையில் மாட்டி முறிந்துபோனது. திரும்பிப் போகும் காலம் வந்தும் கூட்டம் அவனுக்காக இருபது நாள் காத்திருந்தது. வெயில் ஏறியதும் வேறு வழியில்லாமல் கிளம்பிவிட்டது. மறுவருஷம் மழை இல்லை, குளம் சுருங்கிவிட்டது. கூட்டம் வேறெங்கோ இறங்கிக்கொண்டது. எங்கே என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை.

இறக்கை என்னவோ சரியாகிவிட்டது. ஆனால் தனியாக எங்கே பறப்பது? யாரோடு பறப்பது?

வயலில் மேயும் வீட்டு வாத்துகள் அவனைப் பார்த்து இரக்கப்பட்டன. "என்ன வரியண்ணே, எந்நேரமும் வானத்தையே பாத்துக்கிட்டு! பேசாம எங்களோட வந்துடுங்க. வேளாவேளைக்குத் தவிடு கிடைக்கும். பறக்கிற தொல்லையே கிடையாது!"

நல்ல மனசோடுதான் கூப்பிட்டன. என்றைக்காவது ஒருநாள் சரி என்று சொல்லிவிடுவோமோ என்றுதான் வரியனுக்குப் பயம். அப்படிச் சொல்லிவிட்டால் அதோடு இறக்கையை மறந்துவிட வேண்டியதுதான்!

அந்தச் சமயத்தில்தான் ஒரு சேதி வந்தது. குளத்தின் தென்கரையில் பெருவாயம்மாள் என்ற கூழைக்கடா சரக்குப் போக்குவரத்து நடத்திவந்தாள். மலைச் சுனைக்குத் தாமரை விதை, முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சுகளுக்கு மீன், அவசரமாகப் போகிறவர்களுக்குத் தனிச்சவாரி, எல்லாம் உண்டு. தூக்கணாங்குருவிக் கூட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளுடைய பறவைகள் போய் வரும். அவளிடம் மலைப்பாதைக்கு ஒரு இடம் காலி!

வரியன் அன்று காலையிலேயே போய் நின்றான்.

பெருவாயம்மாள் பனையோலை ஒன்றை எடுத்து அவன் முன்னால் போட்டாள். "இதுதான் பறப்பேடு, நீ பறந்த கணக்கை எழுதற ஓலை. இந்தப் பக்கம் முன்னால நின்னு பறந்தது. அந்தப் பக்கம் இன்னொருத்தர் பின்னால பறந்தது. ரெண்டையும் கலக்காம எழுது. மலைக்கணவாயை முன்னால நின்னு பத்துத் தடவையாவது தாண்டியிருக்கணும். அதுக்குக் குறைஞ்சா உனக்கும் எனக்கும் நேரம் வீண்!"

"பனிமலைக் கணவாயையே தாண்டியிருக்கேம்மா!" என்றான் வரியன்.

"சந்தோஷம். எழுது!"

வரியன் அலகால் ஓலையைக் கீற உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஞாபகம் எல்லாம் திரண்டு வந்துவிட்டது.

அவன் கூட்டத்தில் சமவெளியில் எல்லோரும் முறை வைத்து முன்னால் பறப்பார்கள். அவனும் எத்தனையோ தடவை பறந்திருக்கிறான். ஆனால் கணவாய் வந்துவிட்டால் முன்னிடம் செம்மூக்கி என்ற பெண்வாத்துக்குத்தான். "எல்லாரும் பின்னால போங்க, நான் பாத்துக்கறேன்!" என்று சொல்லிவிட்டு அவள் முன்னேறுவாள். வரியன் அவளுடைய இடது இறக்கைக்குப் பின்னால் பறப்பான். கீழே பனி வெள்ளையாகக் கிடக்கும். மூச்சு முட்டும். பின்னாலிருப்பவர்கள், "இருக்கோம்! இருக்கோம்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள். முன்னால் போகிறவளுக்கு அதுதான் தெம்பு. தாண்டியதும் செம்மூக்கி ஒரு சிரிப்புச் சிரிப்பாளே, அதைக் கேட்டால் பசிகூட மறந்துபோகும்!

ஆறு தடவை தெற்கே வந்தது, ஐந்து தடவை வடக்கே போனது. ஆக மொத்தம் பதினோரு தடவை. பதினோரு தடவையும் அவள்தான் முன்னால்.

வரியன் ஓலையைப் பார்த்தான். 'பின்னால்' என்ற பக்கத்தில் எழுதினால் என்ன ஆகும்? நாளைக்கே வரப்பில் தவிடுதான். அவள் எங்கேயோ இருக்கிறாள். அவளா வந்து கேட்கப்போகிறாள்?

'முன்னால்: கணவாய், பதினோரு தடவை' என்று கீறிவிட்டான்.

எழுதி முடித்ததை அவனால் இன்னொரு தடவை பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஓலையை நீட்டிவிட்டான்.

பெருவாயம்மாளின் கண் விரிந்தது. "பனிமலையைப் பதினோரு தடவையா! அடேயப்பா! நம்ம மலையெல்லாம் உனக்குத் தூசுப்பா. வா, இன்னைக்கே ஒரு சோதனைப் பறப்பு. பாஸானா வேலை உனக்கு!"

சவாரிக்கு ஒரு தவளை வந்திருந்தாள். பேர் பொன்னுருட்டி. மலைச் சுனையில் அவள் தங்கைக்கு மறுநாள் கல்யாணம். தூக்கணாங்கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டாள். "தம்பி, பதமாப் போப்பா! நான் மஞ்சள் பூசியிருக்கேன், கலைஞ்சிடப்போகுது!"

கூட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரியன் முன்னால் பறந்தான். பெருவாயம்மாள் கொஞ்சம் பின்னால், எட்டத்தில் வந்தாள். புதியவன் எப்படிப் பறக்கிறான் என்று பார்க்க வேண்டும் அல்லவா?

காடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து உயரத்தில் பறக்கிறான்! வயிற்றுக்கடியில் குளிர்ந்த காற்று ஓடியது. பொன்னுருட்டி கல்யாணச் சமையலைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வரியனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அத்தனை சந்தோஷம்.

கணவாய் வந்தது.

இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்து காற்று நேராக அவன் நெஞ்சில் வந்து அறைந்தது. வரியன் திகைத்துப்போனான். பனிமலையில் இதைவிடப் பெரிய காற்றில் போயிருக்கிறானே! ஆனால் அங்கே செம்மூக்கி முன்னால் இருந்தாள். அவள் சிறகடித்த காற்று அவனைத் தூக்கிக் கொடுத்தது. காற்றின் அறையை முழுவதும் வாங்கியவள் அவள். இங்கே அவனுக்கு முன்னால் யாரும் இல்லை.

எப்போது இறங்க வேண்டும், எந்தப் பாறையை ஒட்டி வளைய வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. அவள் வளைந்தால் அவனும் வளைந்தான், அவ்வளவுதான். பழைய வழக்கத்தில், "இருக்கேன்!" என்று குரல் கொடுத்தான். பதிலுக்குக் காற்றுதான் ஊளையிட்டது.

கூடு பலமாக ஆடியது. "தம்பி! தம்பி! என்ன இப்படி ஆடுது?" பொன்னுருட்டியின் குரல் நடுங்கியது.

இன்னும் பத்துச் சிறகடி போனால் பாறைகளுக்கு நடுவே நுழைந்துவிடுவான். நுழைந்துவிட்டால் திரும்ப இடமில்லை. திரும்பினாலோ வேலை போய்விடும், அதோடு வானமும் போய்விடும். நுழைந்தால் ஒருவேளை தப்பிக்கலாம். ஒருவேளை!

கூட்டுக்குள்ளிருந்து பொன்னுருட்டி அவன் கழுத்து இறகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் வரியனுக்குப் புத்தி வந்தது. தான் செம்மூக்கியை நம்பிப் பறந்ததும் இப்படித்தான் என்று அவனுக்குப் பட்டது. அவள் ஒருநாளும் தெரியாத வழியில் அவனைக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

இடது இறக்கையைச் சாய்த்தான். வட்டமடித்துத் திரும்பிவிட்டான்.

காட்டோரத்தில் ஒரு பாறையில் இறங்கினார்கள். பெருவாயம்மாள் வந்து தொப்பென்று குதித்தாள். "என்னய்யா இது! பனிமலை சூரரே, இந்தச் சின்னக் கணவாயில திரும்பிட்டீரா?"

"என் தங்கச்சி கல்யாணம்!" என்று பொன்னுருட்டி ஒருபக்கம் ஒப்பாரி வைத்தாள்.

வரியன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா, நான் பொய் எழுதிட்டேன். பதினோரு தடவையும் நான் முன்னால பறக்கலை. செம்மூக்கின்னு ஒருத்தி பறந்தா. நான் அவ பின்னாலதான் இருந்தேன். முன்னால நின்னு கணவாய்க்குள்ள போக எனக்குத் தெரியாது."

பெருவாயம்மாளுக்கு வந்ததே கோபம்! "ஒரு உசிரைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பொய்யா! வெக்கமா இல்லை?"

"இருக்கும்மா. அவளுடையதை எடுத்து என்னுடையதுன்னு எழுதிட்டேன். அவளைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு. அவளுக்குப் போய் இதைச் செஞ்சேனே!" என்று சொல்லி வரியன் வாய்விட்டு அழுதுவிட்டான்.

பெருவாயம்மாள் முதலில் கூட்டை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "நீ அழாதே பொன்னுருட்டி, கல்யாணத்துக்கு நான் கொண்டுபோய் விடறேன்." பிறகு வரியன் பக்கம் திரும்பினாள்.

"போன வருஷம் ஒரு கொக்கு இருந்தான். அவனும் ஓலையில பொய்தான் எழுதியிருந்தான். தெரியாதுன்னு சொல்ல வாய் வரலை, உள்ளே போயிட்டான். அவன் கூடுதான் எங்களுக்குக் கிடைச்சுது. இந்த இடம் காலியானது அப்படித்தான்."

வரியன் நிமிர்ந்து பார்த்தான்.

"முன்னால பறக்கிற வேலை உனக்குக் கிடையாது. அது முடிஞ்சுபோன பேச்சு. ஆனா என் பின்னால பறக்க ஒரு ஆள் வேணும். கத்துக்கிட்டா அப்புறம் பாக்கலாம். சம்மதமா?"

"சம்மதம்மா!"

"கிளம்பு, நேரமாகுது! ஒண்ணு கேக்கறேன். அந்தச் செம்மூக்கி கணவாய்க்குள்ள நுழையறதுக்கு முன்னால என்ன பண்ணுவா?"

வரியன் கண்ணை மூடி யோசித்தான். "முதல்ல ஒரு வட்டம் போடுவா. காத்து அடங்கற வரைக்கும் பொறுத்திருப்பா. நாங்க எல்லாரும் குரல் கொடுத்தப்புறம்தான் உள்ளே போவா."

"கெட்டிக்காரிதான்!" என்றாள் பெருவாயம்மாள்.

மூவரும் கிளம்பினார்கள். பெருவாயம்மாள் ஒரு வட்டம் போட்டாள், பொறுத்தாள், காற்று சற்றே தணிந்தது. அவளுடைய இடது இறக்கைக்குப் பின்னால் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷத்து ஏக்கமும் தீரும்படி, "இருக்கேன்!" என்று வரியன் கத்தினான்.

செய்யாததைச் செய்ததாகச் சொல்லி ஒரு வேலையில் உட்கார்ந்துவிடலாம், ஆனால் எனக்குத் தெரியாது என்று ஆபத்துக்கு முன்பே ஒப்புக்கொள்பவனை நம்பித்தான் பிறர் தங்கள் உயிரை ஒப்படைப்பார்கள்.