பண்டிதர் கூட்டிக் கொடுத்த வயது

செங்கழனி நாட்டை மாறவழுதி ஆண்டுகொண்டிருந்த காலம். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பக்கத்து ஆம்பலூர் அரசன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்ப்பதிலேயே அவருக்குப் பாதிப் பொழுது போய்விடும். அவன் வெள்ளை யானை வாங்கினால் இவருக்கும் வேண்டும். கிடைக்காவிட்டால் சுண்ணாம்பு அடித்தாவது ஒன்று வேண்டும்.

அந்த ஆம்பலூரான் தன் மகனைப் பாடசாலையில் சேர்க்கப்போகிறானாம். சேதி வந்ததிலிருந்து மாறவழுதிக்குச் சோறு இறங்கவில்லை.

"வருகிற விஜயதசமிக்கு நம் நம்பியும் சேர்ந்தாக வேண்டும்!" என்று குதித்தார்.

அதில்தான் சிக்கல். ஐந்து வயது முடிந்த பிள்ளையைத்தான் விஜயதசமியன்று சேர்ப்பது அந்த நாட்டு வழக்கம். இளவரசன் நம்பி பிறந்ததோ கார்த்திகையில். ஐந்து முடியக் கொஞ்ச நாள் குறையும். இதை விட்டால் அடுத்த வருடம்தான்.

சபை நடுவில் குழந்தையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். பிள்ளை பாடசாலைக்குத் தயாரா என்று பார்க்க ஊரெல்லாம் செய்கிற சோதனைதான். நம்பியின் விரல் உச்சந்தலையைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

பாடசாலை ஆசானான மகாபண்டிதர் கோளரியார் பாய்ந்து வந்தார். இளவரசன் சேருகிற நாளில் அவருக்கு ஒரு பல்லக்குத் தருவதாக அரசர் சொல்லியிருந்தார். பிறகு சும்மா இருப்பாரா? குழந்தையின் தலையைச் சாய்த்து, கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"ஆகா, எட்டிவிட்டது!"

சபை கைதட்டியது. நம்பி ஓவென்று அழுதான்.

மூலையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான் மதியூகி செவ்வந்தியப்பன். காலையில்தான் மகாராணி அவனைக் கூப்பிட்டுக் கண் கலங்கியிருந்தாள். "செவ்வந்தி, மத்தியானம் தூங்காவிட்டால் சிணுங்குகிற பிள்ளை அவன். பெரிய பிள்ளைகள் நடுவில் உட்காரவைத்து, அந்தப் பண்டிதர் பிரம்பையும் தூக்கினால் என்ன ஆவான்? எப்படியாவது தடுத்துவிடு."

செவ்வந்தியப்பன் முன்னால் வந்தான். "பண்டிதரே, கையை இழுத்துவிட்டீர். வயதை எப்படி இழுப்பீர்?"

"வயதா? பிரபு மனம் வைத்தால் அதுவும் வரும். இளவரசர் ஒரு வருடம் முன்பே பிறந்துவிட்டார் என்று ஆணை போடட்டும். முடிந்தது!"

"குறைவது ஒரு மாதம்தானே?"

"கொடுப்பதுதான் கொடுக்கிறோம், முழு வருடமாகவே கொடுப்போமே! ஆம்பலூர்ப் பையனைவிட நம் இளவரசர் மூத்தவராகிவிடுவார்."

அரசருக்கு முகமெல்லாம் பல். "ஆணை போட்டோம்! முரசறையச் சொல்லுங்கள்!"

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது செவ்வந்தியப்பன்தான். தட்டிவிட்டு, மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். நேரே சிம்மாசனத்துக்குப் போய் அரசரின் தொந்தியைச் சுற்றி அளக்க ஆரம்பித்தான்.

"அடேய்! என்ன செய்கிறாய்?"

"மரவுரிக்கு அளவு எடுக்கிறேன், மகாராஜா."

"மரவுரியா? எனக்கா?"

"இளவரசருக்கு இருபது வயது நிறைகிற அன்று மகுடத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, மன்னர் மரவுரி கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவது உங்கள் குலவழக்கம். உங்கள் தகப்பனார் போனார். பாட்டனார் போனார். இப்போது இளவரசருக்கு ஒரு வயதைக் கூட்டிவிட்டீர்கள். நீங்கள் காட்டுக்குப் போகிற நாளும் ஒரு வருடம் முன்னால் வந்துவிட்டது. இந்தச் சுற்றளவுக்கு மரப்பட்டை உரிப்பதென்றால் லேசா? இன்றைக்கே ஆரம்பித்தால்தான் உண்டு."

அரசர் தம் தொந்தியைத் தடவிக்கொண்டார். நெய் மிதக்கிற அக்காரவடிசிலை விட்டுவிட்டு ஒரு வருடம் கூடுதலாகக் காட்டுக் கிழங்கைத் தின்பதை நினைத்துப் பார்த்தார்.

பண்டிதர் குழைந்தார். "பாடசாலைக்கு மட்டும் கூட்டிக்கொள்வோம் பிரபு. பட்டத்துக்குக் கழித்துக்கொள்வோம்."

"நாளைக்கு மகன் வளர்ந்து வந்து, 'அப்பா, முரசறைந்து சொன்ன வயது நிறைந்துவிட்டது, இறங்குங்கள்' என்றால்? நீர் வந்து சிம்மாசனத்தின் காலைப் பிடித்துக்கொள்வீரா?"

"முரசை நிறுத்து!" அரசர் அலறினார். "ஆணையும் இல்லை, ஒன்றும் இல்லை! பிள்ளை அடுத்த விஜயதசமிக்குப் போகட்டும். என்ன தலைபோகிற அவசரம்? ஆம்பலூரான் கிடக்கிறான்!"

மூச்சு வந்ததும் அவருக்கே சிரிப்பும் வந்தது. "பிழைத்தேன். என்ன பரிசு வேண்டும், கேள்."

"எனக்கு ஒன்றும் வேண்டாம். இந்த ஒரு வருடம் இளவரசர் ஏறி விளையாட ஒரு யானை வேண்டும். பண்டிதருக்கோ பல்லக்கும் இல்லை, வேலையும் இல்லை."

மறுநாள் காலை. அரண்மனை முற்றத்தில் மகாபண்டிதர் நாலு காலில் நடந்துகொண்டிருந்தார். முதுகின் மேல் நம்பி. வலப்பக்கம் திரும்ப ஒரு திருகு, இடப்பக்கம் திரும்ப ஒரு திருகு. மாடத்தில் நின்ற மகாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செவ்வந்தி, என் பிள்ளைக்குக் காது எட்டுகிறதா?" என்று மேலிருந்தே கேட்டார் அரசர்.

"தன் காது இன்னும் எட்டவில்லை, மகாராஜா. பண்டிதர் காது நன்றாக எட்டுகிறது!"