ஆள்காட்டி மரமேறாத கதை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஆற்றின் வடகரையும் தென்கரையும் ஒரே நாடாக இருந்தன. வடகரை வண்டல் பூமி. ஊரை ஒட்டி ஊர். தென்கரை கரிசல்; உடைமரமும் பனையும், கூப்பிடு தூரத்துக்கு ஒரு குடிசையும்தான். ஆனாலும் ஆட்கள் இருந்தார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையே அதைப் பற்றித்தான்.

அப்போது ஆள்காட்டிக்கு அந்தப் பெயர் இல்லை. அதிகம் பேசாத, நெட்டைக்கால் பறவை அது. உடைமரத்தில் கூடு கட்டியிருந்தது. பொய் சொல்லாது என்று இரு கரையிலும் பெயர் எடுத்திருந்தது. மரத்தடியில் வெள்ளாயி என்பவளின் குடிசை. கம்பு புடைக்கும்போது பறவைக்கும் ஒரு பிடி இறைப்பாள்.

தென்கரைக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு: பிள்ளைகளை எண்ணினால் குறைந்துபோகும். வெள்ளாயி பட்டவள். கோயில் பந்தியில் எவனோ அவள் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணினான். அந்த வருஷமே அம்மை கண்டு மூத்தவன் போய்விட்டான். மிச்சம் ஒரு பெண்குழந்தை.

அரசனின் அதிகாரி தலை எண்ண வருகிறார் என்று சேதி வந்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தென்கரையே ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு புதருக்குள் ஒளிந்தது.

"எங்களக் காட்டிக் குடுத்துராதப்பா," என்று வெள்ளாயி பறவையிடம் கெஞ்சினாள். "இந்த ஒண்ணாவது எனக்குத் தங்கட்டும்."

"பொய் சொல்லிப் பழக்கமில்லையே, தாயி."

"எம்பிள்ளைக்காக ஒரே ஒரு பொய்."

அதிகாரி குதிரை ஆட்களோடு வந்தார். காலிக் குடிசைகளைப் பார்த்தார். "பறவையே, இங்கே ஆள் உண்டா?"

"இல்லை ஐயா."

அந்தப் பறவை சொன்னால் மறுபேச்சு ஏது? அவர் புதரை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லைக்கல்லை ஆற்றோரமே நட்டுவிடுங்கள். ஆள் இருக்கும் கரைக்குத்தான் கால்வாய் என்பது அரசர் உத்தரவு. இது வெறுங்காடு. வடகரையில் வெட்டுங்கள்," என்றார்.

பறவை அலகைத் திறந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஒரு சொல் போதும். ஆனால் பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்று கூசி அலகை மூடிக்கொண்டது. குதிரைகள் ஆற்றைக் கடந்து போயின. பெரிய நல்ல பெயர்! இந்த இடத்தில் எனக்கு அந்தப் பறவைமேல் கோபம்தான் வருகிறது.

கால்வாய் வழியே ஆற்றுநீர் முழுதும் வடகரைக்குத் திரும்பியது. மழையும் பொய்த்தது. தென்கரைக் கிணறுகள் ஒவ்வொன்றாய் வறண்டன. சனங்கள் வடகரைக்குக் கூலிவேலைக்குப் போனார்கள். வெள்ளாயியின் குழந்தை காய்ச்சலில் கிடந்து, நாக்கு நனைக்கத் தண்ணீர் இல்லாமல் செத்தது. மரத்தடியில் புதைத்துவிட்டு அவளும் புறப்பட்டாள். பறவையை ஏசவில்லை.

"நீ சொன்னது மெய்யாப் போச்சு. இப்ப இங்க ஆள் இல்ல," என்றாள்.

பறவை மரத்தைவிட்டு இறங்கியது. அவள் பின்னாலேயே பறந்து, "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" என்று ஆற்றங்கரை வரைக்கும் கத்தியது. கேட்க யாரும் இல்லை. வெள்ளாயியும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்துதான் ஆள்காட்டி மரமேறாமல் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. ஆளற்ற கரிசல்காட்டில் யாராவது ஒருவர் நடந்தாலும், பகல் இரவு பாராமல் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது.